மோட்டார் பந்தய அணி மேலாளர் ஆவதற்கு ஒரு வழிகாட்டி

மோட்டார் பந்தய உலகில் நுழைய விரும்பும் இளைஞர்களில் பெரும்பாலோர் ஓட்டுநராக வேண்டும் என்றே ஆசைப்படுகிறார்கள். பொறியியல் படித்தவர்கள் காரை வடிவமைக்கவோ எஞ்சினைச் சீரமைக்கவோ விரும்புகிறார்கள். இந்த இரு தரப்பினரும் கவனம் சிதறாமல் தங்கள் வேலையைச் செய்வதற்கு வேண்டியவற்றை முன்கூட்டியே ஏற்பாடு செய்து, அவர்கள் சார்பில் அதிகாரிகளிடம் பேசி, விதிகளுக்கும் நேரத்துக்கும் பொறுப்பேற்று நிற்கிற ஒருவர் ஒவ்வொரு அணியிலும் இருக்கிறார். அவர்தான் டீம் மேனேஜர் எனப்படும் அணி மேலாளர். நம் நாட்டில் நல்ல ஓட்டுநர்கள் உருவான அளவுக்கு நல்ல மேலாளர்கள் உருவாகவில்லை என்பது என் கருத்து. அதனால்தான் இந்தப் பணியை ஒரு தொழிலாக எண்ணிப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், இந்தப் பதவியை அணித் தலைவர் பதவியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஃபார்முலா ஒன் போன்ற பெரிய பந்தயங்களில் டீம் பிரின்சிபல் எனப்படும் அணித் தலைவர் நிறுவனத்தின் திசையைத் தீர்மானிக்கிறார்; முதலீட்டாளர்களோடும் ஸ்பான்சர்களோடும் ஊடகங்களோடும் பேசுகிறார். பந்தயத் தடத்தில் அன்றாடம் நடப்பவற்றுக்குப் பொறுப்பு டீம் மேனேஜருடையது. மெர்சிடிஸ் அணியில் டோட்டோ வுல்ஃப் தலைவராக இருக்க, தடத்தில் விதிகளையும், பந்தயத்தின் நடுவே டயர் மாற்றுவது போன்ற வேலைகளைச் செய்யும் பிட் ஊழியர்களையும் கவனிக்கும் பொறுப்பு நெடுங்காலமாக ரான் மெடோஸிடம் இருந்து வந்திருக்கிறது. ரேஸ் எஞ்சினியர் என்பவர் ஒரு குறிப்பிட்ட காருக்கும் அதன் ஓட்டுநருக்கும் உரியவர். மேலாளரோ அணி முழுமைக்கும் உரியவர். சிறிய அணிகளில் இந்தப் பிரிவினை கிடையாது. நம் ஊரில் தொடக்கநிலைப் பந்தயக் காரான ஃபார்முலா எல்ஜிபி 4 காரை ஓட்டவைக்கும் ஒரு அணியில், உரிமையாளரே மேலாளராகவும், சில வேளைகளில் லாரிக்கு வழிகாட்டுபவராகவும் இருப்பதைக் காணலாம். கற்றுக்கொள்ள வருபவருக்கு அப்படிப்பட்ட சிறிய அணியே சிறந்த இடம். எல்லா வேலைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

விதிப்புத்தகத்தை உங்களுடையதாக ஆக்கிக்கொள்ளுங்கள்

அணி மேலாளருக்கு வேண்டிய முதல் திறன் விதிகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறன். பந்தய விதிகள் ஒரே புத்தகத்தில் இருப்பதில்லை. சர்வதேச மோட்டார் கூட்டமைப்பான எஃப்ஐஏ வெளியிடும் சர்வதேச விளையாட்டுச் சட்டத் தொகுப்பு எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. அதற்குக் கீழே தேசியக் கூட்டமைப்பின் பொது விதிகள் வருகின்றன. இந்தியாவில் இவற்றை வெளியிடுவது எஃப்எம்எஸ்சிஐ. அதன் கீழே ஒவ்வொரு சாம்பியன்ஷிப்புக்கும் தனித்தனியாகத் தொழில்நுட்ப விதிகளும் போட்டி விதிகளும் உண்டு. பிறகு குறிப்பிட்ட ஒரு வார இறுதிப் பந்தயத்துக்கென்று அமைப்பாளர்கள் துணை விதிகளை வெளியிடுவார்கள். அவற்றையும் திருத்தி, பந்தய நாளன்று காலையில்கூட அறிவிப்புப் பலகையில் புல்லட்டின் ஒட்டப்படலாம். கடைசியாக ஒட்டப்பட்ட அந்த ஒற்றைத் தாளைப் பார்க்கத் தவறியதால் அபராதம் கட்டுவது தொடக்க நிலை மேலாளர்களுக்கு நேரும் பொதுவான பிழை. ஆகவே அறிவிப்புப் பலகையை, அது சுவரில் இருந்தாலும் கைபேசிச் செயலியில் இருந்தாலும், குறித்த நேரங்களில் பார்க்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

விதியை அறிந்திருப்பது மட்டும் போதாது. ஓடிக்கொண்டிருக்கும் பந்தயத்தில் அதைக் கணக்கிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே காரைப் பல ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஒவ்வொரு ஓட்டுநரும் மொத்தத்தில் குறைந்தது 6 மணி நேரம் காரை ஓட்டியிருக்க வேண்டும். 14 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. 2018-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ஃபோர்டு ஜிடி கார்களில் ஒன்றை ஓட்டிய மூவரில் டோனி கனான் அந்தக் குறைந்தபட்ச நேரத்தை எட்டவில்லை. முக்கால் மணி நேரம் குறைந்தது. பந்தயம் முடிந்த பிறகு அந்தக் காரின் கணக்கிலிருந்து 11 சுற்றுகள் கழிக்கப்பட்டன. காரில் குறையில்லை, ஓட்டியவர்களிடமும் குறையில்லை. நேரக் கணக்கு தவறியதால் ஒரு நாள் முழுதும் உழைத்த உழைப்பு கீழிறங்கியது. இத்தகைய கணக்கை எஞ்சினியர்கள் திட்டமிடலாம், கணினி காட்டலாம். இருந்தாலும் கடைசிச் சில மணி நேரங்களில் யார் காரில் ஏற வேண்டும் என்று நினைவூட்ட வேண்டியவர் மேலாளர்தான். நெடுநேரப் பந்தயத்தில் வேலை செய்யப் போகிறவர்கள் இந்தக் கணக்கைத் தாளில் கையால் போட்டுப் பழக வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன். திரை அணைந்துபோனாலும் தாள் கையில் இருக்கும்.

எதிர்ப்பு மனு, மேல்முறையீடு ஆகியவற்றின் நேர வரம்புகளும் மனப்பாடமாக இருக்க வேண்டும். சர்வதேசச் சட்டத் தொகுப்பின்படி, பந்தய முடிவுகள் தற்காலிகமாக வெளியிடப்பட்ட 30 நிமிடங்களுக்குள் முடிவு தொடர்பான எதிர்ப்பைக் கட்டணத்துடன் எழுத்தில் கொடுக்க வேண்டும். விதிமீறல்களை விசாரிக்கும் அதிகாரிகளான ஸ்டூவர்டுகளின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்போவதை ஒரு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எதிர்ப்புத் தெரிவிக்கும் உரிமை, போட்டியாளர் என்ற உரிமம் பெற்ற தரப்புக்கு மட்டுமே உண்டு. ஓட்டுநர் என்ற முறையில் ஒருவர் அதைச் செய்ய முடியாது. எனவே அணியின் பெயரில் போட்டியாளர் உரிமம் இருக்கிறதா, அதில் கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே சரிபார்த்துக்கொள்வது அவசியம். ஓட்டுநர் கோபத்தோடு காரைவிட்டு இறங்கி, உரிமையாளர் தொலைபேசியில் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் அந்த அரை மணி நேரத்தில், மனுவுக்கான ஆதாரம் உண்மையிலேயே கையில் இருக்கிறதா என்று நிதானமாக எடைபோட்டு முடிவெடுப்பது இந்தப் பணியின் கடினமான தருணங்களில் ஒன்று. ஆதாரமில்லாத மனு கட்டணத்தை மட்டுமல்லாமல் அதிகாரிகளின் நல்லெண்ணத்தையும் இழக்கச் செய்யும்.

ஸ்டூவர்டுகள் முன்னிலையில் உண்மை

இந்தப் பகுதியை நான் சற்று விரிவாக எழுதுவதற்குக் காரணம், ஒருவருடைய பந்தய வாழ்க்கையையே முடித்துவிடக்கூடிய தவறு இங்கேதான் நிகழ்கிறது என்பது. 2009-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய கிராண்ட் ப்ரீயில், பந்தயக் கார்களை மெதுவாக்கி வரிசையாக அழைத்துச் செல்லும் பாதுகாப்புக் கார் தடத்தில் இருந்தபோது (அப்போது பொதுவாக ஒருவரை ஒருவர் கடக்கக் கூடாது) யார்னோ ட்ருல்லி தடத்தைவிட்டு விலகினார். லூயிஸ் ஹாமில்டன் அவரைக் கடந்தார். பிறகு அணியிலிருந்து வந்த வானொலி அறிவுரைக்குப் பின் ட்ருல்லியை மீண்டும் முன்னே செல்லவிட்டார். ட்ருல்லி தடத்தைவிட்டு விலகியிருந்ததால், கடந்ததே விதிப்படி சரியானதுதான். உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் பெரிய சிக்கல் எழுந்திருக்காது. ஆனால் விசாரணையில், அப்படி வழிவிடச் சொல்லப்படவில்லை என்ற பொருளில் ஹாமில்டனின் அணியான மெக்லாரன் தரப்பு பதிலளித்தது. வானொலிப் பதிவும் ஹாமில்டன் பந்தயம் முடிந்ததும் அளித்த பேட்டியும் அதற்கு மாறாக இருந்தன. ஹாமில்டன் அந்தப் பந்தயத்தின் முடிவிலிருந்து நீக்கப்பட்டார். 1974 முதல் மெக்லாரனில் பணியாற்றி வந்த, அப்போது விளையாட்டு இயக்குநராக இருந்த டேவ் ரயன் முதலில் இடைநீக்கம் செய்யப்பட்டு, பின்னர் அணியிலிருந்தே வெளியேற வேண்டியதாயிற்று. முப்பத்தைந்து ஆண்டு அனுபவம் ஒரே அறையில் சொன்ன ஒரு பதிலால் முடிவுக்கு வந்தது.

விசாரணைக்கு அழைக்கப்படும்போது மேலாளர் செய்ய வேண்டியவை தெளிவானவை. ஓட்டுநரிடம் நடந்ததை முதலில் தனியாகக் கேட்க வேண்டும். வீடியோ, வானொலிப் பதிவு, காரின் தரவுப் பதிவு ஆகியவற்றைத் தானே பார்த்துவிட வேண்டும். ஓட்டுநரின் நினைவும் தரவும் முரண்பட்டால், உள்ளே செல்வதற்கு முன்பே அந்த முரண்பாட்டை அவரிடம் காட்டிவிட வேண்டும். உள்ளே சென்ற பிறகு கேட்டதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்றே சொல்ல வேண்டும். ஸ்டூவர்டுகள் அடுத்த பந்தயத்திலும் அதற்கடுத்த பந்தயத்திலும் இருப்பார்கள். இந்தியா போன்ற, பந்தய வட்டாரம் சிறியதாக உள்ள நாட்டில் ஒரு மேலாளரின் சொல் நம்பத்தக்கதா என்பது ஒரே பருவத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

பந்தய வார இறுதியை நடத்துவது

ஒரு பந்தய வார இறுதி, ஆவணச் சரிபார்ப்பில் தொடங்குகிறது. ஓட்டுநரின் உரிமம், மருத்துவச் சான்று, காப்பீடு, நுழைவுக் கட்டண ரசீது ஆகியவற்றை மேலாளர் ஒரே கோப்பில் வைத்திருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குட்பட்ட ஓட்டுநர் என்றால் பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் சேரும். அடுத்தது ஸ்க்ரூட்டினி எனப்படும் தொழில்நுட்பச் சோதனை. ஹெல்மெட், இருக்கைப் பட்டை, தீயணைப்பான் ஆகியவற்றின் அங்கீகார முத்திரைகளும் காலாவதித் தேதிகளும் இங்கே பார்க்கப்படும். இந்தத் தேதிகளை ஒரு அட்டவணையில் எழுதி, பருவத்தின் தொடக்கத்திலேயே எது எப்போது காலாவதியாகும் என்று தெரிந்துகொண்டால் வெள்ளிக்கிழமை மாலையில் இருக்கைப் பட்டைக்காக ஊரெல்லாம் அலைய வேண்டியதில்லை. பிறகு ஓட்டுநர் கூட்டம், பயிற்சி, தகுதிச் சுற்று, பந்தயம் என்று நிகழ்ச்சிகள் தொடரும். ஒவ்வொன்றுக்கும் அமைப்பாளர்கள் தரும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, கார் எப்போது எஞ்சினைச் சூடாக்க வேண்டும், ஓட்டுநர் எப்போது உடை மாற்ற வேண்டும், டயர்கள் எப்போது காற்றழுத்தம் பார்க்கப்பட வேண்டும் என்ற அணியின் சொந்த நேர அட்டவணையை எழுதி கேரேஜ் சுவரில் ஒட்ட வேண்டும்.

அந்த அட்டவணை எத்தனை முறை மாறினாலும் பதறாமல் திருத்தி எழுதும் மனநிலையும் வேண்டும். சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி அமைக்கப்பட்ட 3.5 கிலோமீட்டர் சாலைத் தடத்தில் பந்தயம் நடத்த முதலில் 2023 டிசம்பரில் திட்டமிட்டிருந்தார்கள். மிக்ஜாம் புயலும் வெள்ளமும் அதைத் தள்ளிப்போடச் செய்தன. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் அது நடந்தபோதும், முதல் நாள் பெய்த மழையால் தடத்துக்கான எஃப்ஐஏ சான்று தாமதமாகி நிகழ்ச்சிகள் இரவுக்குத் தள்ளிப்போயின. இத்தகைய நாளில், காத்திருக்கும் ஊழியர்களுக்கு உணவும் தண்ணீரும் நேரத்துக்குக் கிடைக்கிறதா, ஓட்டுநர் உடல் சோர்ந்து போகாமல் இருக்கிறாரா, வேலை நள்ளிரவைத் தாண்டினால் திரும்பிச் செல்ல வண்டி இருக்கிறதா என்று பார்ப்பவர் வேறு யாருமில்லை.

ஊழியர்களின் உறக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபார்முலா ஒன்னில் இரவுக்கட்டுப்பாடு என்ற விதி இருக்கிறது. குறித்த மணி நேரங்களில் காரில் வேலை செய்யும் ஊழியர்கள் தடத்துக்குள்ளேயே இருக்கக் கூடாது, ஒரு பருவத்தில் சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. நம் உள்ளூர்ப் பந்தயங்களில் அப்படி ஒரு விதி அணிகளைக் கட்டுப்படுத்தாததால், சேதமடைந்த காரை விடிய விடியச் சீர்செய்வதைப் பெருமையாகக் கருதும் வழக்கம் உள்ளது. உறங்காத மெக்கானிக் இறுக்க மறந்த ஒரு நட்டு, மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுநரின் உயிரோடு விளையாடும். இரவு எத்தனை மணிக்கு வேலையை நிறுத்துவது, நிறுத்த முடியாத நிலையில் காரைப் பந்தயத்திலிருந்து விலக்கிக்கொள்வதா என்ற முடிவை மேலாளர் எடுக்க வேண்டும். எடுக்கும் அதிகாரத்தை உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

பிட் நிறுத்தம் உள்ள பந்தயங்களில் மேலாளரின் உழைப்பு வெளியே தெரிகிறது. 2019 பிரேசில் பந்தயத்தில் ரெட் புல் ஊழியர்கள் மேக்ஸ் வெர்ஸ்டாப்பனின் நான்கு டயர்களையும் 1.82 விநாடியில் மாற்றினார்கள். 2023 கத்தார் பந்தயத்தில் மெக்லாரன் அதை 1.80 விநாடியாகக் குறைத்தது. இந்த வேகம் ஒத்திகையால் வருகிறது. ஆயினும் வேகத்தைவிட முக்கியமானது, சரியான செய்தி சரியான ஆளுக்குப் போய்ச் சேர்வது. 2020 டிசம்பரில் நடந்த சாகிர் கிராண்ட் ப்ரீயில், ஹாமில்டனுக்குப் பதிலாக மெர்சிடிஸ் காரை ஓட்டிய ஜார்ஜ் ரஸ்ஸல் முன்னணியில் இருந்தார். இரு கார்களையும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே அழைத்தபோது, வானொலிச் செய்தி ஊழியர்களில் ஒரு பகுதியினரை எட்டவில்லை. வால்ட்டேரி போட்டாஸுக்குரிய டயர்கள் ரஸ்ஸலின் காரில் பொருத்தப்பட்டன. அவர் மீண்டும் உள்ளே வர வேண்டியதாயிற்று. போட்டாஸ் பழைய டயர்களோடே திரும்பிச் சென்றார். அணிக்கு 20,000 யூரோ அபராதமும் விதிக்கப்பட்டது. உலகின் மிகச் சிறந்த அணிக்கே இது நேரும் என்றால், பத்துப் பேர் கொண்ட நம் அணியில் வானொலி ஒழுங்கு எவ்வளவு அவசியம் என்பதை உணரலாம். யார் பேசலாம், எந்தச் சொல்லால் அழைக்க வேண்டும், கேட்டதை யார் திரும்பச் சொல்லி உறுதி செய்ய வேண்டும் என்பவற்றை எழுதி வைத்து, வியாழக்கிழமையே ஒத்திகை பார்க்க வேண்டும். வானொலி பழுதானால் கைச் சைகை என்ன என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

பணமும் ஒப்பந்தமும்

ஒரு பருவத்தின் செலவுத் திட்டத்தைத் தயாரிப்பது பெரும்பாலும் மேலாளரின் வேலை. நுழைவுக் கட்டணம், டயர், எரிபொருள், போக்குவரத்து, தங்குமிடம், சம்பளம், காப்பீடு ஆகியவற்றை ஓரளவு முன்கூட்டியே கணிக்க முடியும். கணிக்க முடியாதது விபத்துச் சேதம். பணம் கொடுத்து ஓட்ட வரும் ஓட்டுநர்களோடு செய்யும் ஒப்பந்தத்தில், சேதத்தின் செலவை யார் ஏற்பது, எவ்வளவு வரை, எத்தனை நாள்களுக்குள் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதப்பட வேண்டும். இந்த ஒரு பிரிவைச் சரியாக எழுதாததால் நட்புகள் முறிந்து, அணிகள் பருவத்தின் நடுவில் நின்றுபோகின்றன. ஸ்பான்சர் தருவதாகச் சொன்ன தொகையைக் கைக்கு வரும் வரை வரவாகக் கணக்கில் எழுதக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒப்பந்தத்தில் காட்டும் அலட்சியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2015-ஆம் ஆண்டு மெல்பர்ன் சாட்சி. சாபர் அணி தன்னிடம் இருந்த இரண்டு இடங்களுக்கு அதற்கு மேற்பட்ட ஓட்டுநர்களோடு ஒப்பந்தம் செய்திருந்தது. இடம் கிடைக்காத கீடோ வான் டெர் கார்டே ஆஸ்திரேலிய நீதிமன்றத்தை நாடி வெற்றி பெற்றார். பருவத்தின் முதல் பந்தயத்தின் பயிற்சியில் அணி இதனால் நிலைகுலைந்தது. பின்னர் பெரும் தொகை கொடுத்துச் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது.

போக்குவரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்நாட்டில் ஒரு லாரியும் முழுமையான உதிரிப் பாகப் பட்டியலும் போதும். வெளிநாட்டுக்குக் காரையும் கருவிகளையும் தற்காலிகமாகக் கொண்டு செல்வதற்கு ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணம் வேண்டும்; இந்தியாவில் அதை வழங்குவது வணிகத் துறையினரின் கூட்டமைப்பான ஃபிக்கி. பெட்டியில் உள்ள ஒவ்வொரு பொருளும் வரிசை எண்ணோடு அதில் பதிவாக வேண்டும், பதிவான ஒவ்வொன்றும் திரும்பி வர வேண்டும். ஒன்று குறைந்தால் அந்த நாட்டில் வரி கட்ட நேரிடும். லித்தியம் பேட்டரி, தீயணைப்பான் போன்றவை விமானச் சரக்கில் ஆபத்தான பொருள்களாகக் கருதப்படுவதால் அவற்றுக்குத் தனி ஏற்பாடு தேவை.

ஓட்டுநர், பெற்றோர், உரிமையாளர்

ஃபார்முலா 4 பந்தயத்தில் 15 வயதிலேயே ஓட்டலாம். எனவே தொடக்கநிலைப் பந்தயங்களில் மேலாளர் பேச வேண்டியது பெரும்பாலும் ஓட்டுநரின் தந்தையிடமோ தாயிடமோதான். செலவு அவர்களுடையது; கவலையும் அவர்களுடையது. அவர்களுக்குத் தகவல் தராமல் ஒதுக்கினால் ஐயம் வளரும். கேரேஜுக்குள் தடையில்லாமல் அனுமதித்தால் எஞ்சினியரின் வேலை கெடும். பயிற்சி முடிந்த பிறகு குறித்த நேரத்தில், குறித்த இடத்தில், எஞ்சினியரோடு சேர்ந்து பத்து நிமிடம் பேசும் முறையை வைத்துக்கொண்டால் இரண்டும் காக்கப்படும். பிள்ளை மெதுவாக ஓட்டியதற்குக் காரைக் குறை சொல்வது எளிது. தரவைக் காட்டி எந்த வளைவில் பிரேக்கை முன்பே அழுத்துகிறார் என்று அமைதியாக விளக்குவதே பெற்றோருக்குச் செய்யும் மரியாதை.

உரிமையாளரே ஓட்டுநராகவும் இருக்கும் அணியில் நிலைமை இன்னும் நுட்பமானது. நடிகர் அஜித் குமார் தம் பெயரில் தொடங்கிய அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் கலந்துகொண்டது. பயிற்சியின்போது அவர் ஓட்டிய கார் விபத்துக்குள்ளானது. நெடுநேரப் பந்தயத்தில் அணியின் வாய்ப்பையும் உடல்நலத்தையும் கருதி அவர் தம் அணியின் காரை ஓட்டுவதிலிருந்து விலகுவதாக அணி அறிவித்தது. அந்தக் கார் போர்ஷே 991 கார்களுக்கான பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. தமிழ் ரசிகர்கள் அந்த வெற்றியைக் கொண்டாடினார்கள். இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் அந்த விலகலைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். உரிமையாளரிடம் இத்தகைய முடிவைப் பற்றிப் பேசும் துணிவும், அதைப் புண்படுத்தாமல் சொல்லும் பக்குவமும் மேலாளருக்கு வேண்டும்.

எங்கே தொடங்குவது

இந்தப் பதவிக்கு இன்ன பட்டம் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஜொனத்தன் வீட்லி பெனட்டன் அணியில் மெக்கானிக்காகத் தொடங்கி, ரெனோவில் தலைமை மெக்கானிக்காகி, 2006-இல் ரெட் புல் அணியின் மேலாளரானார். 2025-இல் சாபர் அணியின் தலைவராகப் பொறுப்பேற்றார். டேராடூனில் பிறந்து ஆஸ்திரியாவில் வளர்ந்த மொனிஷா கால்டன்போர்ன் சட்டம் படித்தவர். சாபர் அணியின் சட்டப் பிரிவில் பணிபுரிந்து, 2012-இல் ஃபார்முலா ஒன் வரலாற்றின் முதல் பெண் அணித் தலைவரானார். பின்னாளில் ரெட் புல் அணித் தலைவரான கிறிஸ்டியன் ஹார்னர் முதலில் ஓட்டுநராக இருந்தவர். தம்மைவிட வேகமானவர்கள் இருப்பதை உணர்ந்து, இளம் வயதிலேயே ஆர்டன் என்ற தம் அணியை நடத்துவதற்கு மாறினார். மூவரும் வெவ்வேறு கதவுகளால் நுழைந்தவர்கள். ஒவ்வொருவரும் பந்தய அணிக்குள் பல ஆண்டுகள் வேறொரு வேலையைச் செய்த பிறகே பொறுப்புக்கு வந்தார்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தத் துறையில் ஒரு வசதி உண்டு. சோழவரத்து விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கப்பட்டது. அதன் இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990-இல் திறக்கப்பட்டது, நீளம் 3.717 கிலோமீட்டர். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் 2003 முதல் கரி மோட்டார் ஸ்பீட்வே இயங்குகிறது. நாட்டின் தேசியப் பந்தயங்களில் பெரும்பகுதி இந்த இரு தடங்களில் நடக்கிறது. பல அணிகளின் கேரேஜ்களும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கின்றன. இருசக்கர வாகனப் பந்தயத்தையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஓசூரின் டிவிஎஸ் நிறுவனம் 1982 முதல் தன் பந்தய அணியை நடத்தி வருகிறது. நிறுவன அணிகளில் ஒழுங்கான நடைமுறைகளைக் கற்க முடியும்.

செலவில்லாமல் தொடங்குவதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது மார்ஷல் பணி. பந்தய நாள்களில் கொடி காட்டுவதற்கும் தடத்தைக் காப்பதற்கும் கிளப்புகளுக்குத் தன்னார்வலர்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள், பயிற்சியும் தருகிறார்கள். ஒரு பருவம் மார்ஷலாக நின்றவருக்கு, அதிகாரிகள் எதைப் பார்க்கிறார்கள், எதற்காக அறிக்கை எழுதுகிறார்கள் என்பது விளங்கிவிடும். அந்த அறிவு பிற்காலத்தில் ஸ்டூவர்டுகள் முன் நிற்கும்போது மிகவும் உதவும். கல்லூரி மாணவராக இருந்தால், மாணவர்கள் தாங்களே கார் உருவாக்கிப் போட்டியிடும், கரி ஸ்பீட்வேயில் நடைபெறும் ஃபார்முலா பாரத் போட்டிக்கான உங்கள் கல்லூரி அணியில் சேருங்கள். அந்தப் போட்டியில் காரின் வேகத்துக்கு மட்டுமின்றி, செலவு அறிக்கைக்கும் வணிகத் திட்டத்துக்கும் மதிப்பெண் உண்டு. காரை வடிவமைக்க எல்லோரும் முன்வருவார்கள். பொருள் வாங்குவது, நிதி திரட்டுவது, கால அட்டவணை, விதிப்படிவங்கள் ஆகியவற்றை ஏற்க ஆள் கிடைக்காது. அவற்றை நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு ஒரு சிறிய அணியை அணுகி, பந்தய வார இறுதிகளில் மட்டும் உதவ முன்வாருங்கள். முதலில் டயர்களைக் குறித்து வைக்கும் வேலையோ, உணவு ஏற்பாடோ, எரிபொருள் அளவைப் பதிவு செய்வதோ கிடைக்கலாம். அதைப் பிழையின்றிச் செய்துகொண்டே, ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன் துணை விதிகளைப் படித்து, கெடு நேரங்களை ஒரே பக்கத்தில் சுருக்கி மேலாளரிடம் கொடுங்கள். மூன்றாவது நான்காவது முறை அவரே அதை உங்களிடம் கேட்பார். ஆங்கிலத்தில் தெளிவாகவும் சுருக்கமாகவும் எழுதப் பழகுவது அவசியம், ஏனெனில் விதிகளும் மனுக்களும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அதே அளவுக்கு, கேரேஜில் மெக்கானிக்குகளோடு அவர்கள் மொழியில் மரியாதையாகப் பேசத் தெரிவதும் அவசியம். எக்செல், கணக்குப் பதிவு, முதலுதவி, தீயணைப்பு ஆகியவற்றில் அடிப்படைப் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். கனரக வாகன உரிமம் இருந்தால் சிறிய அணிகள் உங்களை விடாது.

வெளிநாட்டில் பணிபுரிய விரும்புவோர் பெரும்பாலும் இங்கிலாந்தை நோக்குகிறார்கள். பல அணிகள் அங்கே குவிந்திருக்கின்றன. கிரான்ஃபீல்டு, ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழகங்களில் மோட்டார் பந்தயப் பொறியியலில் முதுகலைப் படிப்பும் உண்டு. கட்டணம் அதிகம், விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். படிப்பு மட்டும் வேலையைத் தராது, படிக்கும் காலத்தில் வார இறுதிகளில் அங்குள்ள சிறிய அணிகளில் வேலை செய்தவர்களுக்கே வாய்ப்பு கூடுதல். இங்கே இரண்டு மூன்று பருவங்கள் உண்மையான பொறுப்பை வகித்த பிறகு செல்வதே நல்லது என்று நினைக்கிறேன்.

வருமானத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். உள்ளூர்ப் பந்தயத்தில் ஆண்டு முழுவதும் மாதச் சம்பளம் தரும் மேலாளர் பதவிகள் சிலவே; பெரும்பாலும் பந்தயத்துக்கு இவ்வளவு என்ற அடிப்படையில்தான் ஊதியம். தொடக்கத்தில் வேறொரு வேலையை வைத்துக்கொண்டு, விடுப்பைப் பந்தய நாட்காட்டிக்கு ஏற்பத் திட்டமிடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். எந்த அணியில் சேர்ந்தாலும் பந்தயத்துக்கான ஊதியம், பயணச் செலவு, விபத்துக் காப்பீடு, பணம் தரப்படும் தேதி ஆகிய நான்கையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகத் தருவதாகச் சொல்லி எழுத மறுக்கும் அணியில், உதவியாளராக ஒரு பந்தயம் கற்றுக்கொள்ளலாம். மேலாளராகப் பெயர் கொடுக்க வேண்டாம், ஏனெனில் டயர்க் கடைக்கும் தங்கும் விடுதிக்கும் தர வேண்டிய பணத்துக்கு அந்தப் பெயரையே தேடி வருவார்கள்.